பிடிக்காத நடிகருக்குப் பதினோராவது வாய்ப்பு

ஒரு நடிகரின் 11 படங்கள். ஒரு காமிக்ஸ் ஓவியரின் 34 மாத இதழ்கள், அதற்கு மேல் 3 கெட்டி அட்டைத் தொகுப்புகள். இரண்டு பேரையுமே எனக்கு ஆரம்பத்திலிருந்து பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்தேதான் இவ்வளவையும் பார்த்தேன், வாங்கினேன், படித்தேன். ஏழு வருடம் இப்படிப் போனது. போன வருடம் அலமாரியை ஒழித்தபோது ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படங்களுக்கு மட்டும் 27 மணி நேரம். காமிக்ஸுக்குப் போன பணம் அப்போதைய என் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அழுகையே வந்துவிட்டது. பணம் போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்த ஏழு வருடமும் என் ரசனையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தேனே, அதுதான் தாங்கவில்லை. யாராவது ஒருவர் அப்போதே இதைப் பற்றி என்னிடம் பேசியிருக்கலாம் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நடிகரின் பெயரையும் ஓவியரின் பெயரையும் எழுதப்போவதில்லை. இருவருக்கும் ரசிகர்கள் ஏராளம். அவர்களுடைய ரசனையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது என் பக்கத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும்தான்.

நடிகரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் நடித்து நான் பார்த்த முதல் படத்தில், அப்பா இறந்த செய்தி தொலைபேசியில் வரும் ஒரு காட்சி. ரிசீவரைக் காதில் வைத்தபடி கண்ணை மூடுவார், முகவாயை லேசாகத் தூக்குவார், பேச ஆரம்பிப்பார். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துவார். அப்புறம் அந்தச் சொல்லை மெதுவாக இறக்கி வைப்பார். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. அந்த நிறுத்தம் மட்டும் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, ஒரு படம்தானே, அன்று எனக்கு மனசு சரியில்லையோ என்னவோ என்று விட்டுவிட்டேன். அடுத்த படம் நகைச்சுவைப் படம். அதிலும் அதே நிறுத்தம். மூன்றாவது படத்தில் வில்லன் வேடம். கத்தியைக் காட்டி மிரட்டும்போதும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தினார்.

ஏன் தொடர்ந்து பார்த்தாய் என்று கேட்கலாம். ஒரு வாக்கியம்தான் காரணம். “அவரோட அந்தப் படம் பாக்கலையா? அதைப் பாத்துட்டுச் சொல்லு.” என் நெருங்கிய தோழிக்கு அவரைத்தான் உயிர். நான் லேசாக முகம் சுளித்தாலே இந்த வாக்கியம் வந்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்தால், “இல்ல, அது அவரோட பழைய படம், புதுசு பாரு” என்பாள். புதியதைப் பார்த்தால் இன்னொன்று. அவள் மேல் தப்பில்லை. தனக்குப் பிடித்ததை எனக்கும் கொடுக்கப் பார்த்தாள், அவ்வளவுதான். இந்த வாக்கியத்துக்கு முடிவே கிடையாது என்பது எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தொடர்ந்து நடிக்கும் ஒருவருக்கு நாம் பார்க்காத படம் என்று ஒன்று எப்போதும் மிச்சம் இருக்கும்.

இன்னொரு காரணம் என்னுடையது. வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் மூன்று இடங்களில் என்னை வேண்டாம் என்றார்கள். நான்காவது இடத்தில், நேர்காணலில் சொதப்பிய பிறகும், இன்னொரு நாள் வரச்சொல்லிப் பார்த்த ஒருவரால்தான் நான் நிலைத்தேன். அதனால் யாரையும் ஒரே பார்வையில் ஒதுக்குவது பாவம் என்று மனசில் பதிந்துபோயிருந்தது. அந்த நியாயத்தை அப்படியே கொண்டுபோய்த் திரையில் வைத்துவிட்டேன். எனக்கு வாய்ப்புக் கொடுத்தவர் கொடுத்தது எனக்கு வந்து சேர்ந்தது, நான் மாறினேன், அவருக்கும் அது தெரிந்தது. நான் இருட்டில் உட்கார்ந்து அந்த நடிகருக்குக் கொடுத்த வாய்ப்பு அவரிடம் போய்ச் சேரவே இல்லை. நான் பார்த்ததும் அவருக்குத் தெரியாது, பார்க்காமல் விட்டிருந்தாலும் தெரியாது. அவருக்கு நான் எந்த அநியாயமும் செய்யவில்லை. இது புரியவே எனக்கு ஆறேழு படங்கள் ஆகின.

ஆறாவது படம் ஓடும்போது ஒன்றைக் கவனித்தேன். நான் கதையைப் பார்க்கவில்லை. அந்த நிறுத்தம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்ததும் உள்ளுக்குள், “பார், வந்துவிட்டது” என்று ஒரு திருப்தி. அந்தத் திருப்தி எனக்கே அசிங்கமாக இருந்தது. நீங்களும் இப்படி யாருக்காவது மறுவாய்ப்புக் கொடுத்துக்கொண்டிருந்தால் இதைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். குறைக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டால், அந்தப் படத்துக்கு நீங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை. தீர்ப்பை எழுதிவைத்துக்கொண்டு சாட்சி தேடுகிறீர்கள். அந்த நிலையில் பாதியில் எழுந்து போய்விடுவதுதான் நடிகருக்கும் மரியாதை, நமக்கும் நல்லது.

அந்த நாட்களில் எனக்குத் தைரியம் கொடுத்தவை சில பிரபலமான கதைகள். 1988-இல் பேட்மேன் வேடத்துக்கு மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தபோது, நகைச்சுவை நடிகருக்கு இந்த வேடமா என்று சுமார் 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததாகச் சொல்வார்கள். அடுத்த வருடம் படம் வந்ததும் பேச்சே மாறிவிட்டது. பேட்மேனின் வில்லன் ஜோக்கராக ஹீத் லெட்ஜர் நடிப்பார் என்று அறிவித்தபோதும் முணுமுணுப்பு. படம் 2008-இல் வந்தது, அவர் இறந்தபின் 2009-இல் ஆஸ்கர் கிடைத்தது. இவற்றை எல்லாம் படித்துவிட்டு, “பார், எல்லாரும் தப்பாகத்தான் நினைத்தார்கள், நீயும் தப்பாக நினைக்கிறாய்” என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்தக் கதைகளை நான் அரைகுறையாகத்தான் படித்திருந்தேன். ஹாலிவுட் நடிகர் மேத்யூ மெக்கானஹேயை எடுத்துக்கொள்ளுங்கள். காதல் நகைச்சுவைப் படங்களாகவே நடித்துக்கொண்டிருந்தவர், இனி அந்த மாதிரி வேண்டாம் என்று நிறுத்தினார். 1 கோடியே 45 லட்சம் டாலர் சம்பளத்தோடு வந்த ஒரு படத்தைக்கூட மறுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஒன்றரை வருடத்துக்கும் மேல் சும்மா இருந்தார். அப்புறம் வேறு மாதிரி வேடங்கள் வந்தன, 2014-இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரும் வந்தது. இங்கே ரசிகர்கள் பொறுமையாகப் பார்த்துப் பார்த்து அவரைப் பிடிக்க வைத்துக்கொள்ளவில்லை. அவர் தன் வேலையை மாற்றினார், அதன் பிறகு பார்த்தவர்களுக்குப் பிடித்தது. நான் பார்த்த 11 படங்களில் 8 படங்களில் அந்த நடிகருக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி வேடம், ஒரே இரண்டு இயக்குநர்கள். மாறாத ஒன்றுக்கு எட்டு முறை வாய்ப்புக் கொடுத்திருக்கிறேன். இதை அப்போதே ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் இரண்டு படங்களோடு நின்றிருப்பேன்.

எட்டாவது படத்தின்போது ஒரு நல்ல காரியம் செய்தேன். வீட்டில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், நடுவில் எரிச்சல் தாங்காமல் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டேன். ஒரு நீளமான காட்சி, அவரும் வயதான ஒரு நடிகையும் மேஜைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும். சத்தம் இல்லாமல் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. அந்த அம்மா பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கும் விதம் அவ்வளவு நன்றாக இருந்தது. மேஜை விரிப்பின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலால் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பெரிதாக எதையும் செய்யவில்லை. எனக்குப் பிடிக்காதது அவருடைய வசன உச்சரிப்பு மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நடிப்பு என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் உடல் இருக்கிறது, குரல் இருக்கிறது, எழுதிய வசனம் இருக்கிறது, எந்த டேக்கை வைப்பது என்று எடிட்டிங் மேஜையில் முடிவு செய்தவரின் கை இருக்கிறது. சுமார் நூறு வருடங்களுக்கு முன் ரஷ்யாவில் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனையைச் சினிமா படிப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். உணர்ச்சி எதையும் காட்டாத ஒரே முகத்தின் காட்சியை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்களுக்கு அந்த முகத்தில் பசியும் துக்கமும் ஆசையும் தெரிந்தனவாம். முகம் என்னவோ ஒன்றுதான்.

இந்தச் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கும் பழக்கம் வேறொரு இடத்தில் எனக்குப் பெரிய உதவி செய்தது. ஒரு நடிகையை மூன்று படங்களாகப் பிடிக்காமல் இருந்தது. கீச்சென்ற குரல், எதைச் சொன்னாலும் கொஞ்சல். அப்புறம்தான் உறைத்தது, மூன்றுமே மொழிமாற்றுப் படங்கள், நான் கேட்டது வேறொருவர் குரல். மூல மொழியில், கீழே எழுத்தோடு, ஒரே ஒரு படம் பார்த்தேன். அவருடைய குரல் தாழ்ந்த குரல், லேசாகக் கரகரக்கும். சிரிப்பை அடக்கும்போது மூச்சு தெரியும். இன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்த நடிகைகளில் அவர் ஒருவர். அங்கே நான் செலவு செய்தது இரண்டு மணி நேரம். பிடிக்காதது எது என்று தெரிந்தால் ஒரு வாய்ப்பே போதும். தெரியாவிட்டால் 11 கொடுத்தாலும் பத்தாது.

இனி காமிக்ஸ். இதில்தான் பணம் போனது.

நான் பல வருடமாகப் படித்துவந்த ஒரு மாதத் தொடரில் ஓவியர் மாறினார். புதியவரின் முதல் இதழைத் திறந்ததுமே மனசு சுருங்கிவிட்டது. எல்லாக் கோடும் ஒரே கனம். எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகம், தலைமுடியை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். பாதங்கள் வர வேண்டிய இடத்தில் புகை, புல், இல்லையென்றால் கட்டத்தின் விளிம்பு. மகன் திரும்பி வரமாட்டான் என்ற கடிதத்தை ஒரு தாய் பிரித்துப் படிக்கும் கட்டம் ஒன்று இருந்தது. அந்தத் தாயின் முகமும், நான்கு பக்கம் தள்ளி சண்டையில் பல்லைக் கடிக்கும் வீரனின் முகமும் ஒன்றாகவே இருந்தன. அந்தக் கதாபாத்திரத்தை நான் பத்து வருடமாக அறிவேன். அவளுக்கு அந்த முகத்தைக் கொடுத்தது எனக்கு உண்மையிலேயே வலித்தது. காமிக்ஸ் படிக்காதவர்களுக்கு இது விளங்குமா தெரியாது, ஆனால் நீண்ட தொடரில் ஒரு பாத்திரத்தோடு பழகியவர்களுக்கு விளங்கும்.

ஆனாலும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாதமும் வாங்கினேன். நிறுத்தினால் நடுவில் இடைவெளி விழுந்துவிடும், அலமாரியில் வரிசை கெட்டுவிடும், இத்தனை வருடம் போட்ட பணம் வீணாகிவிடும் என்று பயம். இந்தப் பயத்தை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1985-இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில், பருவம் முழுவதற்குமான சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும், முன்னறிவிப்பில்லாமல், விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். நாடகங்கள் ஒன்றுதான், அரங்கும் ஒன்றுதான். முழு விலை கொடுத்தவர்கள் முதல் பாதிப் பருவத்தில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். பணம் போய்விட்டதே என்பதுதான் அவர்களை இழுத்து வந்திருக்கிறது. நான் 34 மாதம் செய்ததும் அதேதான். அடுத்த இதழை வாங்கியதால் முந்தைய இதழ்களுக்குப் போன பணம் திரும்பவில்லை, இன்னும் ஓர் இதழின் விலைதான் சேர்ந்து போனது.

இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. பார்க்கப் பார்க்கப் பழகிவிடும், பழகினால் பிடித்துவிடும் என்பது. எங்கேயோ படித்ததுதான். 1968-இல் உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ட்ஸ், ஒன்றை அடிக்கடி கண்ணில் காட்டினாலே அதன் மேல் விருப்பம் கூடுகிறது என்று காட்டினார். உண்மைதான். ஆனால் அவர் காட்டியவை பெரும்பாலும் நமக்கு அர்த்தமே தெரியாத சொற்கள், எழுத்துகள், முன்பின் தெரியாத முகங்கள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்கிற நிலையில் இருப்பவை. ஏற்கெனவே பிடிக்காததைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. ஆரன் மெஸ்கின் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குக் கிடைத்தபோது இரண்டு முறை படித்தேன். மட்டமானவை என்று விமர்சகர்கள் ஒதுக்கும் தாமஸ் கின்கேடின் ஓவியங்களையும், மதிப்புப் பெற்ற 19-ஆம் நூற்றாண்டு ஓவியர் மில்லேயின் படைப்புகளையும் மாணவர்களுக்கு வகுப்புகளின் நடுவே சில நொடிகள் காட்டிக்கொண்டே வந்தார்கள், பல வாரங்களுக்கு. அடிக்கடி காட்டக் காட்ட, கின்கேட் ஓவியங்கள் மாணவர்களுக்குக் குறைவாகவே பிடித்தன. பார்க்கப் பார்க்கப் பிடித்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த மாதங்களில், பார்க்கப் பார்க்கப் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது. இருபதாவது இதழுக்குள் அந்த ஓவியரின் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தொடரின் பழைய இதழ்களைக்கூட எடுத்துப் படிக்க முடியவில்லை. அது எனக்கு ஏற்பட்ட பெரிய நஷ்டம்.

மூன்று தொகுப்புகளை வாங்கியதற்குக் காரணம், ஒருவேளை தனித்தனியாகப் படிப்பதால் பிடிக்கவில்லையோ, சேர்த்துப் படித்தால் ஓட்டம் பிடிபடுமோ என்ற ஆசை. ஏற்கெனவே கையில் இருக்கும் கதைகளை மறுபடி விலை கொடுத்து வாங்கினேன். என் தம்பி பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இது உன்கிட்ட இருக்கே” என்றான். பதில் சொல்லத் தெரியாமல் கோபப்பட்டுவிட்டேன். இரண்டு நாள் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் மூன்றாவது தொகுப்பின் கடைசிப் பக்கங்களில்தான் எனக்கு விடை கிடைத்தது. பின்னிணைப்பாக அவருடைய பென்சில் ஓவியங்கள் சில, மை தீட்டாமல், வண்ணம் இல்லாமல் அப்படியே அச்சாகியிருந்தன. அந்தத் தாய் கடிதம் படிக்கும் அதே கட்டமும் இருந்தது. பல்லைக் கடிக்கவே இல்லை அவள். உதடு பாதி திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே மிக மெல்லிய சாய்கோடுகள், கடிதத்தைப் பிடித்த கட்டைவிரல் தாளை அழுத்தியதால் விழுந்த ஒரு சின்ன மடிப்பு. இது எதுவுமே அச்சான இதழில் இல்லை. கனமான மைக்கோடு அதன் மேல் ஏறி, சாய்கோடுகளை எல்லாம் கன்னத்தின் இறுக்கமாக மாற்றிவிட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 34 மாதமாக ஒரு மனிதரை, அவர் போடாத கோட்டுக்காகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதே சமயம், தலைமுடியை மாற்றிய ஒரே முகம், புகையில் மறைந்த பாதம், இவை பென்சிலிலும் அப்படியேதான் இருந்தன. ஆக, பாதி அவருடையது, பாதி இல்லை.

இதைக் காமிக்ஸ் படிக்கும் யாருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். மாதாமாதம் வரும் அமெரிக்க இதழில் ஓர் இதழுக்கு இருபது பக்கத்துக்கு மேல் வரைய வேண்டும், ஒருவரே தனியாக முடிப்பது அபூர்வம். ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் அதன் மேல் மையால் கோடு தீட்டுவார், இதுதான் இங்க்கிங், மூன்றாமவர் வண்ணம், நான்காமவர் எழுத்து. இங்க்கிங் என்றால் கோட்டின் மேல் கோடு போடுவது மட்டுமில்லை, எந்தக் கோடு தடித்தது, எது மெலிந்தது, எங்கே நிழல் என்பதெல்லாம் அவர் கையில். 1965-இல் ஜோ சின்னாட் தொடர்ந்து இங்க்கிங் செய்ய ஆரம்பித்த பிறகு ஓவியர் ஜாக் கிர்பியின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் தொடரின் பக்கங்களுக்கு வந்த மெருகைப் பழைய ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஃபிராங்க் மில்லரின் டேர்டெவில் என்று நாம் கொண்டாடும் இதழ்களில் பிற்பகுதியில் மில்லர் கட்டங்களின் அமைப்பை மட்டும் போட்டுக்கொடுக்க, கிளாஸ் ஜான்சன்தான் வரைந்து முடித்தார். சில சமயம் ஓவியரே முழுசாக மாறிவிடுவார். பில் சியன்கேவிச் 1980-இல் மூன் நைட் தொடரை வரைந்தபோது நீல் ஆடம்ஸ் என்ற மூத்த ஓவியரின் சாயல் அதிகம் என்பார்கள். 1984-இல் நியூ மியூட்டன்ட்ஸ் தொடருக்கு வந்தபோது வேறோர் ஆளாக வந்தார். பிரான்ஸின் ழான் ஜிரோ ஒரு பெயரில் ப்ளூபெர்ரி என்ற கௌபாய்த் தொடரைத் தூரிகையால் வரைந்தார், மோபியஸ் என்ற இன்னொரு பெயரில் பேனாவால் கனவு மாதிரியான உலகங்களை வரைந்தார். ஒன்றைப் பிடிக்காதவர் மற்றதைப் பார்க்காமல் விட்டால் அது பெரிய இழப்பு. அப்புறம் மறுபதிப்பு. சொரசொரப்பான மங்கிய தாளுக்கென்று போட்ட பழைய வண்ணத்தை அப்படியே பளபளக்கும் வெள்ளைத் தாளில் அச்சடித்தால் கண் கூசும். ஓவியர் மேல் கோபப்படுவதற்கு முன் எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அந்தப் பின்னிணைப்புக்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று. அதே ஓவியர் பென்சிலும் மையும் தானே போட்ட கதை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். எட்டுப் பக்கக் கதை ஒன்று, ஒரு தொகைநூலில். வாங்காமல் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். பிடித்தது. மழையில் ஒரு நாய் காத்திருக்கும் கதை, பேச்சே கிடையாது, கோடு எல்லாம் ஈரமாக இருப்பது போல இருந்தது. அதற்குப் பிறகு 34 இதழ்களையும் இரண்டு தொகுப்புகளையும் விற்றுவிட்டேன். கிடைத்தது போட்ட பணத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றாவது தொகுப்பை மட்டும் வைத்துக்கொண்டேன், அந்தப் பென்சில் பக்கங்களுக்காக. விற்கும்போது கை நடுங்கியது. அலமாரியில் வரிசை உடைந்த இடத்தைப் பார்க்க ஒரு வாரம் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இப்போது எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால், என்ன பிடிக்கவில்லை என்று ஒரே வரியில் எழுதுவேன். “மோசம்” என்று எழுதக்கூடாது, “கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துகிறார்” என்பது போல, சுட்டிக்காட்ட முடிகிற ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி எழுத முடியாவிட்டால் இன்னும் ஒரு முறை பார்க்கலாம். எழுத முடிந்தால், அந்த ஒன்று இல்லாத படைப்பு இருக்கிறதா என்று தேடுவேன். வேறு இயக்குநர், சின்ன வேடம், மூல மொழி, வேறு இங்க்கர், தானே மை போட்டது, இப்படி. இருந்தால் அதற்கு ஒரு வாய்ப்பு. அரை மணி நேரம் அல்லது இருபது பக்கம், அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் எழுந்துவிடலாம். எதுவும் மாறாமல் இன்னொன்று என்றால் கிடையாது. இரவல் வாங்க வழி இருக்கும்போது காசு கொடுத்து வாங்குவதில்லை. ஒருவர் நிஜ வாழ்க்கையில் செய்த காரியத்துக்காக அவரைப் பிடிக்கவில்லை என்றால் அது தனி விஷயம், அதற்கு அவருடைய நல்ல படத்தைத் தேடிப் பார்ப்பது மருந்தாகாது. அதில் நான் வாய்ப்பு என்ற சொல்லையே எடுப்பதில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. பிடித்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். பத்தாவது படத்தைத் தோழியோடு பார்த்தேன். படம் முழுக்க அவள் திரையைப் பாதி நேரமும் என் முகத்தைப் பாதி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், “எப்படி?” என்றாள். அவ்வளவு ஆசையாகக் கேட்டவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. “நல்லா இருந்துச்சு” என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் வயிற்றில் கல்லைப் போட்டது போல ஆனது. அடுத்த மாதமே பதினோராவது படத்துக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள். அந்தப் படம் முடிந்து வெளியே வந்ததும் அழுதுவிட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். முதல் படத்திலிருந்தே பிடிக்கவில்லை என்றும், போன தடவை பொய் சொன்னேன் என்றும். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்துவிட்டு, “ஏண்டி, அப்பவே சொல்லியிருக்கலாமே. நான் என்னமோ உனக்குப் பிடிச்சிருக்குன்னுல்ல நினைச்சேன்” என்றாள். அவளுக்கும் எனக்காக எடுத்த டிக்கெட்டுகள் நிறைய.

இப்போது அவர் படம் வந்தால் அவள் தனியாகப் போகிறாள். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வாள். அவள் சொல்லிக் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது, படத்தைவிட அவள் சொல்வதில் உயிர் இருக்கிறது. போன வாரம் முக்கால் மணி நேரம் பேசினாள். மருத்துவமனை வராந்தாவில் அவர் தன் மகளிடம் பேசும் காட்சியை விவரித்துக்கொண்டே வந்தவள், திடீரென்று குரல் தாழ்ந்து, “கடைசி வார்த்தைக்கு முன்னாடி ஒரு செகண்ட் நிறுத்துவாரு பாரு, அங்கதான் நான் உடைஞ்சு போயிடுவேன்” என்றாள்.

எந்த நிறுத்தம் என்று நான் கேட்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மீதிக் கதையைச் சொல்லச் சொன்னேன்.